சாவியை எடுத்தாலும் நிற்காத பென்ஸ்

எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அன்புக்கரசி. ஆழ்வார்பேட்டையில் ஒரு சந்துக்குள் இருக்கும் டிரைவிங் ஸ்கூலில் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரே ஒரு பெண் உண்டு, அது அவர்தான். முதல் நாள் நான் கிளட்சை மிதித்துக் கியர் போட்டதும், "மேடம், இப்ப கிளட்ச மிதிச்சீங்களே, உள்ள இன்னா ஆச்சு தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். வண்டியை ஓரம் கட்டச் சொன்னார். இரண்டு உள்ளங்கைகளையும் ஒட்டவைத்துச் சுழற்றினார், பிறகு பிரித்துக் காட்டினார். "இவ்ளோதான். ரெண்டு தட்டு. ஒட்டிக்கினா ஓடும், பிரிஞ்சா ஓடாது."

லைசென்ஸ் வாங்க இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அவரால் சொல்லாமல் இருக்க முடியாது.

அடையாற்றங்கரைக் குடிசையில் வளர்ந்தவர். கல்யாணமான புதிதில் அடுக்குமாடி வீடுகளில் காலை வேளையில் கார் துடைக்கப் போனார். துடைக்கிறவருக்கு வண்டியின் வெளிப்பக்கம் போதும். இவருக்குப் போதவில்லை. எங்காவது ஒரு பானட் திறந்திருந்தால் வாளியை வைத்துவிட்டுப் போய் எட்டிப் பார்ப்பார். "இது இன்னாத்துக்கு? இத்த எடுத்துட்டா வண்டி ஓடாதா?" என்று டிரைவர்களைக் குடைந்தெடுப்பார். ஒரு தொண்டு நிறுவனம் பெண்களுக்கு இலவசமாகக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தபோது முதல் ஆளாகப் பேர் கொடுத்தார்; அப்படித்தான் டிரைவிங் ஸ்கூல் வேலை கிடைத்தது. பிறகு ஆற்றங்கரை வீடுகளை இடித்துக் குடும்பங்களை ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அனுப்பினார்கள். அங்கே போன பிறகும் வேலையை விடாமல், விடிகாலை பஸ்ஸில் ஏறி ஆழ்வார்பேட்டைக்கு வந்துகொண்டிருந்தார். கணவர் தமிழ்மாறன் கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர். "உனக்கு வாயத் தொறந்தா கேள்விதான்டி வரும்" என்பார்.

ஒருநாள் அந்த டிரைவிங் ஸ்கூலுக்கு சுப்புலக்ஷ்மி வந்தார். அறுபதைத் தாண்டியவர், இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு தெருவில் தனியாக இருந்தார். மகன் அனிருத் டொரன்டோவில்.

"இந்த வயசுல எதுக்கு மாமி உங்களுக்குக் காரு? ஆட்டோ கூப்ட்டா வாசல்லயே வந்து நிக்குது" என்றார் அன்புக்கரசி.

"ஆட்டோக்காராளுக்கு வழி சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு. ஆத்துல ஒரு வண்டி சும்மா நின்னுண்டிருக்கு. அதை ஓட்டணும்."

"இன்னா வண்டி?"

"பென்ஸ்" என்றார் மாமி, ஏதோ அம்மிக்கல்லைச் சொல்வதுபோல.

அன்புக்கரசி நம்பவில்லை. பயிற்சி வண்டியில் ஓரளவு கை பழகிய பிறகு மாமி அவரை வீட்டுக்குக் கூட்டிப்போனார். போர்ட்டிகோவில் துணி உறை மூடி ஏதோ ஒன்று நின்றது. இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து உறையை இழுத்தார்கள். புழுதி அடங்கியதும் தெரிந்தது: பால்கோவா நிறம், நீண்ட மூக்கு, மூக்கின் நுனியில் மூன்று கால் நட்சத்திரம். எண்பத்து மூன்றாம் வருஷத்து டீசல் பென்ஸ். மாமியின் கணவர் ஸ்ரீரங்கன், ஒரு வெளிநாட்டுத் தூதரகத்தில் பழைய கார்களை ஏலம் விட்டபோது எடுத்தது. அவர் இருந்தவரை ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் மகாபலிபுரம்வரை போய் ஒரு காபி குடித்துவிட்டு வருவார்களாம். அவர் போன பிறகு யாரும் கதவைக்கூடத் திறக்கவில்லை.

அன்புக்கரசி திறந்தார். சாத்தினார். மறுபடி திறந்து சாத்தினார்.

"என்ன பண்றே?"

"சத்தத்தக் கேளுங்க மாமி. நம்ம ஸ்கூல் வண்டி தகர டப்பா மாதிரி கத்துது. இது நெல்லு மூட்டைய கீழ வச்சா மாதிரி கீது. ஏன் அப்பிடி?"

மாமிக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷமாக அந்தக் கதவைச் சாத்தியிருக்கிறார், ஒருமுறையும் அப்படிக் கேட்டுக்கொண்டதில்லை. அன்றைக்குத் தானும் ஒருமுறை சாத்திப் பார்த்தார்.

மந்தைவெளியில் ஷெட் வைத்திருக்கும் பொன்ராஜ் வந்தார். பழைய டீசல் வண்டிகளில் கை தேர்ந்தவர். டாங்கியைக் கழுவி, ஃபில்டர் மாற்றி, புது பாட்டரி போட்டு, பிரேக்கைச் சரிசெய்து ஒரு சனிக்கிழமை வண்டியை உயிர்ப்பித்தார். முதலில் கரும்புகை. பிறகு தையல் மெஷின்போல ஒரே சீரான சத்தம். மாமி கைதட்டினார். போதும் என்று அன்புக்கரசி சாவியைத் திருப்பினார்.

வண்டி நிற்கவில்லை.

சாவியை முழுக்க உருவி எடுத்தார். அப்படியும் ஓடியது. சாவியை மாமியின் கையில் கொடுத்தார். மாமி அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். கார் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"பேய் கீய் பூந்துக்கிச்சா அண்ணே?" என்றார் அன்புக்கரசி.

பொன்ராஜ் சிரித்தபடி பானட்டைத் திறந்தார். அது மேலே மேலே போய்ச் சுவர்போலச் செங்குத்தாக நின்றது. உள்ளே கையை விட்டு ஒரு சின்ன நெம்புகோலை அழுத்தினார். என்ஜின் ஒருமுறை குலுங்கி அடங்கியது.

"டீசல் வண்டிக்குத் தீப்பொறி கிடையாது. டீசல் போய்க்கினே இருந்தா அதுவும் ஓடிக்கினே இருக்கும். நிறுத்தணும்னா டீசல அடைக்கணும். இதுல அந்த வேலைய கரண்ட்டு செய்யல."

"பின்ன யாரு செய்யறது?"

"காத்து. காத்துன்னுகூட சொல்ல முடியாது. காத்து இல்லாததுதான் செய்யுது. என்ஜின்ல ஒரு பம்ப்பு காத்த உறிஞ்சிக்கினே இருக்கும். சாவியத் திருப்பினா அந்த உறிஞ்சல் ஒரு குழா வழியா வந்து டீசல மூடிடும். எங்கியோ ஓட்ட இருக்கு, அதான் மூடல. எளநி குடிக்கறப்ப ஸ்ட்ராவுல ஓட்ட இருந்தா இன்னா ஆவும்?"

"காத்துதான் வரும். எளநி ஏறாது."

"அதேதான். கதவுப் பூட்டெல்லாம்கூட அதே உறிஞ்சல்லதான் வேல செய்யுது. வண்டி பூரா குழாதான். ஓட்ட எதுல இருக்குன்னு தேடணும்னா எல்லாத்தையும் கழட்டணும். எனக்கு நேரம் இல்லம்மா. நிறுத்தணும்னா பானட்டத் தொறந்து இத்த அமுக்கிக்குங்க. நெறைய பேரு அப்பிடித்தான் ஓட்டறாங்க."

அப்படித்தான் ஓட்டினார்கள். விடிந்த கையோடு பட்டினப்பாக்கத்துக் கடற்கரைச் சாலையில் மாமிக்குப் பாடம் நடந்தது. அந்தப் பெரிய ஸ்டீயரிங்கை மாமி தோசைக்கல்லைத் துடைப்பதுபோலச் சுற்றிச் சுற்றித் திருப்புவார். வண்டிக்கு அவசரம் என்பதே கிடையாது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் நகரும். ஆனால் நகர்ந்துவிட்டால், குண்டு குழி எல்லாம் யாருடைய வண்டிக்கோ வந்ததுபோல இருக்கும். மீன் கடைக்காரப் பெண்கள் கூடையோடு நின்று பார்ப்பார்கள். பாடம் முடிந்ததும் அன்புக்கரசி இறங்கி, பானட்டைத் தூக்கி, வண்டியை அமுக்கி நிறுத்துவார்.

சிக்கல் தெற்கு மாட வீதியில் வந்தது. ஒரு சாயங்காலம் சுற்றுவழியில் திருப்பிவிடப்பட்டு அந்த வீதிக்குள் நுழைந்துவிட்டார்கள். எதிரே சாமி புறப்பாடு. நாதஸ்வரம் நெருங்கிக்கொண்டிருந்தது. வண்டிகளை ஓரம் கட்டச் சொன்ன கான்ஸ்டபிள் ஜன்னலருகே வந்தார்.

"அம்மா, ஆஃப் பண்ணுங்க. கொழந்தைங்கல்லாம் நிக்குது, பொகை அடிக்குது பாருங்க."

மாமி சாவியைத் திருப்பினார். சாவியை எடுத்துக் காட்டினார். "ஆஃப் பண்ணிட்டேன் சார்."

"பண்ணிட்டீங்களா? ஓடுதே?"

அன்புக்கரசி இறங்கிப் பானட்டைத் தூக்கினார். அது வானத்தைப் பார்க்க நின்றதும் கூட்டம் மொத்தமும் சாமியை விட்டுவிட்டு இந்தப் பக்கம் திரும்பியது. பத்துப் பதினைந்து செல்போன்கள் உயர்ந்தன. உள்ளே கையை விட்டு அழுத்தியதும் வண்டி அடங்கியது. "இன்னாக்கா, பென்ஸையே கழுத்த அமுக்கிக் கொல்ற!" என்று யாரோ கத்த, வீதியே சிரித்தது. கான்ஸ்டபிளும் சிரித்துவிட்டார். மாமி மட்டும் ஸ்டீயரிங்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

அந்த வீடியோ டொரன்டோவரை போய்ச் சேர்ந்தது. அனிருத் கூப்பிட்டார்.

"அம்மா, என்னம்மா இது? ஈ.சி.ஆர்.ல பழைய கார் சேர்க்கறவர் ஒருத்தர் இருக்கார், நாளைக்கே எடுத்துண்டு போயிடுவார். கொடுத்துடு."

"என் வண்டிடா. நான் ஓட்டிண்டிருக்கேன்" என்று மாமி போனை வைத்துவிட்டார்.

ஆனால் அந்த வாரமே கண் டாக்டரிடம் வழக்கமான பரிசோதனைக்குப் போனபோது, கண்ணில் அழுத்தம் கூடியிருக்கிறது, பக்கவாட்டுப் பார்வை குறைந்திருக்கிறது என்றார் டாக்டர். சொட்டு மருந்து விட்டால் மேலும் குறையாமல் காப்பாற்றலாம். கார் மட்டும் ஓட்டக் கூடாது. மாமி வீட்டுக்கு வந்து, யாரையும் துணைக்குக் கூப்பிடாமல், உறையைத் தானே இழுத்து வண்டிக்குப் போர்த்தினார். டிரைவிங் ஸ்கூலுக்குப் போன் செய்து, இனி வரவில்லை என்று சொல்லிவிட்டார். அன்புக்கரசியின் போனையும் எடுக்கவில்லை.

அன்புக்கரசி சில நாள் பொறுத்துப் பார்த்தார். பிறகு ஒரு மத்தியானம் மயிலாப்பூருக்கு நேரிலேயே போய்விட்டார். மாமி கதவைத் திறந்து, கண்ணைப் பற்றி இரண்டு வரியில் சொன்னார். ஈ.சி.ஆர். ஆள் ஞாயிற்றுக்கிழமை வருவதாகவும் சொன்னார்.

அன்புக்கரசிக்கு ஆறுதல் சொல்ல வராது. கொஞ்ச நேரம் உறைக்கு மேலேயே வண்டியைத் தடவிக்கொண்டு நின்றார்.

"மாமி, அந்த ஓட்ட எங்க கீதுன்னே தெரியாம வித்துடுவீங்களா?"

மாமி அவரையே பார்த்தார். முதலில் கோபம் வந்ததாகத்தான் பின்னாளில் என்னிடம் சொன்னார். பிறகு சிரிப்பு வந்துவிட்டதாம். கண் போகிறது, வண்டி போகிறது, இவளுக்கு ஓட்டை எங்கே என்று தெரிய வேண்டும்.

"தெரிஞ்சு என்னடி ஆகப்போறது?"

"ஆவறது ஒண்ணும் இல்ல. தெரிஞ்சுக்கலாம்ல?" என்ற அன்புக்கரசி, தானே எதிர்பாராத ஒன்றைச் சொன்னார். "அந்த ஆளுக்குக் குடுக்கறத எனக்குக் குடுங்க மாமி. நான் வாங்கிக்கறேன். சும்மா வேணாம். வெலைக்கு."

பெரும்பாக்கத்தில் தமிழ்மாறன் சோற்றில் கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "நமக்கு எதுக்கு பென்ஸு? ஊரே சிரிக்கும். இங்க பைக் நிறுத்தவே தெனம் சண்ட. அத்த எங்க நிறுத்துவ?"

"மாமி வூட்லதான் நிக்கும்."

"அப்ப எதுக்கு நம்ம பேர்ல?"

"ஸ்கூல் வண்டிய எத்தினி வருஷமா ஓட்டறேன்? அதுல எனக்கு ஒரு ஸ்க்ரூ கழட்ட உரிம கெடையாது. இது என்னுதுன்னா நான் கழட்டலாம்."

தமிழ்மாறன் மறுபடி சோற்றைப் பிசைந்தார். வண்டி ஈ.சி.ஆர். போகாமல் அன்புக்கரசி பெயருக்கு மாறியது. பழைய போர்ட்டிகோவிலேயே நின்றது. பேசிய விலையை அன்புக்கரசி மாதாமாதம் தவணையாகக் கொடுத்தார். மாமி விதித்த ஒரே நிபந்தனை, ஓட்டை தேடும்போது தானும் கூட இருக்க வேண்டும் என்பது.

வாரம்தோறும் வார விடுமுறை நாளில் தேடினார்கள். முதல் வாரம் தேடியதைவிட வேடிக்கை பார்த்ததுதான் அதிகம். டிரைவர் சீட் ஒரு பக்கம் அமுங்கியிருந்ததால் அதன் உறையைப் பிரித்தார் அன்புக்கரசி. உள்ளே ஸ்பிரிங்குக்கு மேலே பழுப்பாக, சொரசொரவென்று ஏதோ மெத்தை. ஒரு இழையைப் பிய்த்து முகர்ந்தார்.

"மாமி! தேங்கா நாரு!"

"போடி. ஜெர்மனில ஏது தென்னை மரம்?"

"நீங்களே பாருங்க."

மாமி கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். தேங்காய் நார்தான்; ரப்பர் பால் விட்டு இறுக்கியிருந்தார்கள். பொன்ராஜுக்குப் போன் போட்டுக் கேட்டதற்கு, அந்தக் காலத்து பென்ஸ் சீட்டெல்லாம் நார், குதிரை முடி என்றுதான் இருக்கும், காற்று உள்ளே போய் வரும், முதுகு வேர்க்காது என்றார். அன்றைக்கு மாமி சமையலறையிலிருந்து ஒரு தேங்காய் மட்டையை எடுத்துவந்து பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். தேடல் அத்தோடு முடிந்தது.

பொன்ராஜ் அப்புறம் யோசித்து ஒரு குறுக்குவழி சொன்னார். எல்லாவற்றையும் கழட்ட வேண்டாம். ஒவ்வொரு குழாயாகப் பிடுங்கி, அதன் வாயை அடைத்துவிட்டு வண்டி நிற்கிறதா என்று பார்த்தால் போதும். எதை அடைத்தால் நிற்கிறதோ, அந்தப் பக்கம்தான் ஓட்டை.

அடைப்பதற்குப் பென்சில் துண்டுகளைச் சீவி வைத்துக்கொண்டார்கள். முதலில் கதவுப் பூட்டுகளுக்குப் போகும் முக்கியக் குழாயைப் பிடுங்கி அடைத்தார் அன்புக்கரசி. "மாமி, திருப்புங்க!" உள்ளே உட்கார்ந்திருந்த மாமி சாவியைத் திருப்பினார். என்ஜின் இரண்டு முறை இருமி நின்றுவிட்டது. அப்படியானால் ஓட்டை கதவுகளில்தான். இனி எந்தக் கதவு என்று கண்டுபிடிக்க வேண்டும்.

ஒவ்வொன்றாகப் போனார்கள். டிரைவர் பக்கம் அடைத்தபோது வண்டி ஓடியது. முன்னால் இடது பக்கம், ஓடியது. பின்னால் வலது பக்கமும் அப்படியே. பின்னால் இடது பக்கக் குழாயை அடைத்ததும் நின்றது.

"என் பக்கம்" என்றார் மாமி. கணவர் ஓட்ட முன்னால் மாமியார் உட்கார்ந்தால், பின் சீட்டில் தனக்கென்று இருந்த இடம் அதுதானாம். அந்தக் கதவின் உள்பலகையைக் கழட்டினார்கள். அடியில் ஒரு சின்ன ரப்பர் குமிழ். அதன் மடிப்பில் நகக்கண் அளவுக்கு ஒரு கிழிசல். குழாயை மறுபடி மாட்டி, என்ஜினை ஓடவிட்டு, அன்புக்கரசி அதன்மேல் விரலை வைத்தார். விரல் நுனியை யாரோ உள்ளிருந்து மெல்ல உறிஞ்சினார்கள்.

"இங்க வாங்க மாமி. வெரல வையுங்க."

மாமி விரலை வைத்தார். வெகுநேரம் எடுக்கவில்லை.

புது ரப்பர் கிடைக்கச் சில வாரம் ஆனது. பொன்ராஜே ஒரு பழைய வண்டியிலிருந்து தேடிப்பிடித்துக் கொண்டுவந்தார். மாட்டியபின் அன்புக்கரசி சாவியைத் திருப்பினார். என்ஜின் உடனே, அடக்கமாக, நின்றது. போர்ட்டிகோவில் காக்கைச் சத்தம் கேட்டது. மாமி டொரன்டோவுக்குப் போன் போட்டு, அங்கே விடிந்ததா என்றுகூடப் பாராமல், "நின்னுடுத்துடா!" என்றார். யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று அனிருத் பதறிப்போனாராம்.

அதற்குப் பிறகு மாமி எங்கே போனாலும் அன்புக்கரசி ஓய்வாக இருந்தால் பென்ஸில்தான். மாமி முன் சீட்டில். தி. நகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் காவலாளி ஓடிவந்து மாமிக்குக் கதவைத் திறந்துவிட்டு, "டிரைவர்ங்கல்லாம் பின்பக்கம் போய்டுங்க" என்றார் அன்புக்கரசியிடம்.

"வண்டி அவாளுது. நான் லிஃப்ட் கேட்டு வந்திருக்கேன்" என்றார் மாமி. காவலாளிக்கு யாருக்கு வணக்கம் வைப்பது என்று தெரியவில்லை. இருவருக்கும் வைத்தார்.

பெரும்பாக்கத்துக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டி போனது. பிளாக் முழுவதும் கீழே இறங்கிவிட்டது. தமிழ்மாறன் மட்டும் வராந்தாவிலேயே நின்றார். கடைசியில் இறங்கிவந்து, யாருடனும் பேசாமல், கட்டைவிரலால் கதவு ஓரத்தை அழுத்தித் தேய்த்தார். குனிந்து அடிப்பக்கம் பார்த்தார். "நாப்பது வருசமா ஒரு எடத்துலகூட உரியல. உள்ளயும் வெளியயும் எத்தினி கோட்டு அடிச்சிருக்கான் இவன்?" என்று தனக்குள் கேட்டுக்கொண்டார். அப்புறம் ஒரு சுற்று போய்வரலாமா என்று மாமியைக் கேட்டார். அன்புக்கரசி என்னிடம் இதைச் சொல்லும்போது, "என்னையக் கேக்கல பாருங்க, மாமியக் கேட்டாரு" என்று சிரித்தார்.

திரும்பும் வழியில், ரப்பர் மாற்றிய பிறகு முதல்முறையாக டீசல் போட, அடையாறில் ஒரு பங்க்கில் நிறுத்தினார்கள். பங்க்கில் வேலை பார்க்கும் பெண் டாங்கி மூடியை இழுத்துப் பார்த்தார். வரவில்லை. நகத்தைக் கொடுத்து நெம்பினார். அப்போதும் வரவில்லை.

"அக்கா, தொறக்க மாட்டேங்குது. உள்ள ஏதாச்சும் பட்டன் கீதா?"

அப்படி ஒரு பட்டன் அந்த வண்டியில் இல்லை. அன்புக்கரசிக்குப் புரியவில்லை, இதுவரை கையால் இழுத்தாலே திறந்த மூடி அது. பின்னால் ஒரு லோடு ஆட்டோ ஹாரன் அடித்தது. இறங்கிப் பார்க்கலாம் என்று தன் கதவின் பூட்டுக் குமிழை மேலே தூக்கினார். அதே கணம் வண்டியின் பின்புறத்தில் "டொக்" என்று ஒரு சத்தம்.

"இப்ப தொறந்துக்கிச்சு" என்றார் அந்தப் பெண்.

அன்புக்கரசி இறங்கவில்லை. குமிழைக் கீழே அழுத்தினார். பின்னால் டொக். மேலே தூக்கினார். டொக்.

"மாமி, மூடியும் கதவோட சேந்து பூட்டிக்கிது! இத்தினி நாளா ஓட்ட இருந்ததால இது பூட்டவே இல்ல!"

"எங்கே, இன்னொரு தரம் பண்ணு" என்றார் மாமி, கழுத்தைத் திருப்பிப் பின்பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டு.

லோடு ஆட்டோ மறுபடி ஹாரன் அடித்தது. அன்புக்கரசி இன்னொரு தரம் பண்ணினார்.